டவுன் பஸ்ஸும் அந்நிய விருந்தாளியும்

சென்ற மார்கழி மாதத்தில் நமது இல்லத்துக்கு ஒரு விருந்தாளி வந்து ஐந்து நாள் தங்கினார். மெக்ஸிகோ நகரத்தவர், ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர், நமது பழைய நண்பர் ஒருவருடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசுவார். தமிழில் ஓர் எழுத்தும் அறியார். நமது காரும் டிரைவரும் அவருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னோம். அவர் கைகூப்பி மறுத்துவிட்டார். காரில் போனால் கட்டடங்களை மட்டுமே பார்க்கலாம் என்றும், ஓர் ஊரின் ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் ஏறும் வண்டியில் ஏறவேண்டும் என்றும், எந்தத் தேசத்துக்குப் போனாலும் தாம் பஸ்ஸிலும் ரயிலிலுமே சுற்றுவது வழக்கமென்றும் கூறினார். தனியே அனுப்ப மனம் வராமையால் நாமும் உடன் புறப்பட்டோம்.

வாசகர்களிடம் ஒன்றை மறையாமல் சொல்லிவிடுவது நலம். நாம் மதுரையிலேயே பிறந்து மதுரையிலேயே வளர்ந்தோம். இவ்வூர்க் கோர்ட்டுகளில்தான் வக்கீல் தொழில் கற்றோம். இவ்வூரிலேயே பத்திரிகை நடத்தி வருகிறோம். டவுன் பஸ்ஸில் ஏறிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. போக்குவரத்தைப் பற்றி நாம் எழுதிய தலையங்கங்களுக்குக் கணக்கில்லை. அவையனைத்தும் காரின் ஜன்னல் வழியே கண்டு எழுதியவை. ஆகவே அந்த ஐந்து நாளும் விருந்தாளிக்கு நாம் வழிகாட்டினோம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு அயலார் சேர்ந்து மதுரையைச் சுற்றினார்கள் என்பதே பொருந்தும்.

முதல் நாள் பஸ் தேவைப்படவில்லை. கோயிலைச் சுற்றிய பழைய ஊரில் நடந்தே திரிந்தோம். மதிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கடுத்து ஆவணி மூல வீதி. பிறகு மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் கோயிலைச் சதுரமாய்ச் சூழ்ந்து, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கென்று நான்கு பெயர் பெற்று நிற்கிறது. ஐந்து பெயர்களையும் நான்கு திக்குகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் தெருக்களின் கணக்கு முடிந்தது. மாசி வீதியில் சித்திரை மாதத்துத் தேர் ஓடுவானேன் என்று விருந்தாளி கேட்டார். மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதாகச் சொல்லும் வழக்கை நாம் எடுத்துரைத்தோம். கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தது பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் காலத்தில், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. அதன் பின்னும் சதுரத்துக்குள் சதுரம் என்ற முறை பழைய ஊரை விட்டுப் போகவில்லை.

லண்டன் நகரத்துச் சுரங்க ரயிலுக்கு 1933இல் ஹாரி பெக் என்னும் படவரைவாளர் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். மெய்யான தூரத்தையும் வளைவுகளையும் அவர் தள்ளிவிட்டார். எந்த நிலையத்துக்குப் பின் எந்த நிலையம், எங்கே இறங்கி மாறவேண்டும் என்பவற்றை மட்டும் நேர்கோடுகளால் காட்டினார். இன்று உலகத்துப் பெருநகரங்கள் பலவும் அவர் வழியையே பின்பற்றுகின்றன. மதுரையைக் கட்டிய நம் முன்னோர் அப்படிப் படமொன்று போட்டதாகத் தெரியவில்லை. ஊரையே படமாகக் கட்டிவிட்டனர்.

அதனுடைய பயனை அன்று மாலையே கண்டோம். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோவது 2018ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் வந்த ஏற்பாடு அது. விருந்தாளி தம் கைப்பேசியையும் செருப்பையும் கீழ வாயிலில் கொடுத்துவிட்டுப் போனார். தெற்கு வாயிலால் வெளியே வந்தார். ஊர்ப்படமோ கைப்பேசிக்குள், கைப்பேசியோ கிழக்கே. நாம் கூட்டத்தில் பிரிந்துவிட்டபடியால் துணைக்கும் ஆளில்லை. அவர் கலங்கவில்லை. அண்ணாந்து பார்த்து, 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் தம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதென்று நிச்சயித்துக்கொண்டு, சித்திரை வீதியில் வெறுங்காலுடன் நடந்து, செருப்பு வைத்த இடத்துக்கு நமக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்.

கோயிலைச் சுற்றி ஒரு மைல் வரையில் மதுரை தன்னைத் தானே அயலாருக்கு விளக்கிக்கொள்கிறது. பஸ்ஸில் காலை வைத்தவுடன் அதே ஊர் வாயை மூடிக்கொள்கிறது. இதை மறுநாள் கண்டோம்.

நகரத்திலுள்ள பஸ் நிலையங்களுள் ஒன்று, பெயர் வேண்டாம். விருந்தாளிக்குக் காந்தி மியூசியம் போகவேண்டுமென்று ஆசை. இடத்தின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து, அவரை ஒரு தூணருகே நிறுத்திவிட்டு, நாம் காபி வாங்கப் போனோம். திரும்பி வரும்போது அவரெதிரே மஞ்சள் பை ஏந்திய ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று பின்னர்த் தெரிந்தது. அவர் கையிலும் ஒரு சீட்டு; ஆஸ்பத்திரிச் சீட்டு. “அய்யா, பெரியாஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு இதுதானா?” என்று நம் விருந்தாளியைக் கேட்கிறார். வெள்ளைத் தோலும் கண்ணாடியும் படித்தவருக்கு அடையாளமென்று எண்ணினார் போலும். விருந்தாளியோ, அம்மூதாட்டி தமக்கு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று எண்ணித் தம் காகிதத்தை அவரிடம் நீட்டுகிறார். அவர் சீட்டை இவரும், இவர் காகிதத்தை அவரும் வாங்கிப் பார்க்கிறார்கள். இருவர்க்கும் எழுத்துத் தெரியவில்லை. எதிரே நிற்கிற பஸ்ஸின் நெற்றியில் ஏதோ எழுதியிருக்கிறது. அதுவும் இருவர்க்கும் ஒன்றே.

காபிக் குவளையுடன் நாம் நெருங்குமுன் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏறு ஆத்தா, பெரியாஸ்பத்திரி போகும். சார், நீங்களும் ஏறுங்க. ரெண்டு பேருக்கும் இந்த வண்டிதான்” என்றார். உண்மைதான். வைகைப் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்தில் இறங்கினால் அரசினர் இராஜாஜி மருத்துவமனை. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் தமுக்கமும் காந்தி மியூசியமும். மூதாட்டி டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல சீர்திருத்தம், சென்ற பல ஆண்டுகளில் சர்க்கார் செய்த காரியங்களுள் இதைப்போல் ஏழை வீட்டு அடுப்பங்கரை வரை எட்டியவை சிலவே. ஆயினும் அச் சலுகை அம்மூதாட்டியைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டது. எந்த பஸ் என்பதைச் சொல்ல அங்கே ஒரு பலகையும் இல்லை. அவர் மகன் வார்டில் படுத்திருக்கிறான். அரைமணி நேரமாக ஒவ்வொரு பஸ்ஸாகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அயலாருக்கு வசதி செய்யவேண்டும் என்று நாம் எழுதினால், “நம் ஜனங்களே படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள், வெள்ளைக்காரனுக்கு என்ன வந்தது?” என்று நமது தேசபக்த நண்பர்கள் சிலர் கேட்பார்களென்பதை அறிவோம். அந்தத் தூணருகே நாம் கண்ட காட்சியே அவர்களுக்கு விடை. மெக்ஸிகோக்காரரும் உசிலம்பட்டி மூதாட்டியும் மதுரை டவுன் பஸ்ஸுக்கு ஒரே விதமான அயலார். ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்கும் திறக்கும். நமக்கும்கூடத் திறக்கும், நாம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் அழகர்கோயில். ஊருக்கு வடக்கே 21 கிலோமீட்டர் போலும். இம்முறை விருந்தாளியைப் பேசவிடாமல், உள்ளூர்க்காரர் என்ற கர்வத்தோடு நாமே முன்சென்று, “அழகர்கோயில்” என்ற எழுத்தைப் பலகையில் கண்டவுடன் தாவி ஏறினோம். அவ்வெழுத்துக்குப் பக்கத்தில் சிறியதாய் எழுதியிருந்த “ரோடு” என்னும் சொல்லை நாம் கவனிக்கவில்லை. பாதி வழியில் ஒரு சிற்றூரோடு பஸ் திரும்பிவிட்டது. அங்கே ஒரு டீக்கடை; பெஞ்சில் நால்வர். நால்வரும் எழுந்து வந்து நால்வகையாக வழி சொன்னார்கள். ஒருவர் சோத்தாங்கைப் பக்கம் நடக்கச் சொன்னார். ஒருவர் பீச்சாங்கைப் பக்கம் நின்றால் பின்னால் பஸ் வருமென்றார். வழி கேட்டவரைக் கைவிடாத குணம் மதுரைச் சீமைக்கு உண்டு; அதற்காக நாம் தலை நிமிரலாம். கேட்ட வழியிலேயே போய்ச் சேரலாம் என்று உறுதி சொல்லத்தான் நம்மால் ஆகவில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பின் அடுத்த பஸ் வந்தது. எழுதப்படிக்கத் தெரிந்த வக்கீலுக்கே இந்தக் கதி.

வழி சொல்வதையே ஓர் இலக்கியமாக்கிய நாடு இது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். முன்னே போய்ப் பரிசில் பெற்றவன் பின்னே வருகிறவனுக்கு வழியும், வழியில் கிடைக்கும் உணவும், சந்திக்கும் மக்களின் குணமும் எடுத்துரைப்பது அவற்றின் அமைப்பு. அவற்றுள் முதலாவதாகிய திருமுருகாற்றுப்படை முதலில் ஆற்றுப்படுத்துவது நமது திருப்பரங்குன்றத்துக்கே. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வரும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள நன்மை தீமைகளையும் சொல்லுகிறான். இன்று அதே திருப்பரங்குன்றத்துக்கு எந்த எண்ணுள்ள பஸ், எந்த மேடையில், எத்தனை மணிக்குக் கடைசி வண்டி என்பதைச் சொல்லும் பலகையை அயலார் தேடவேண்டியிருக்கிறது.

இந்த அறியாமைக்கு ஒரு விலையும் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் பேரம் பேசவேண்டியிருப்பதை மதுரையார் யாவரும் அறிவர். ஆட்டோக்காரர்களைக் குறை கூறுவது பத்திரிகைக்காரருக்கு எளிது. வண்டிக் கடனுக்கு வட்டியும், பெட்ரோல் விலையும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அவர் கணக்கில் உண்டு. பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்தவரிடம் அவர் நியாயமான கூலி கேட்கிறார். தெரியாதவரிடம் தெரியாமையையும் சேர்த்து விலை பேசுகிறார். பஸ் நிலையத்தில் ஒரு நல்ல பலகை நின்றால் அந்தப் பேரம் தானே பாதி இறங்கும்.

நமது நகரத்து பஸ்ஸுக்குச் சரித்திரம் சிறிதன்று. 1910களின் தொடக்கத்திலேயே டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையை இடமாகக் கொண்டு பஸ் சர்வீஸ் தொடங்கினார். அவருடைய பஸ் வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது, கரியை எரித்து அதன் வாயுவால் வண்டி ஓட்டும் கருவியை அக் கம்பெனியே தயாரித்தது. பிறகு பஸ்கள் தேசிய மயமாயின. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. 1997இல் அப்பெயர் போய், தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. பொதுவுடைமை என்றால் முதலாளி நாமே. தன் வண்டி எங்கே போகிறதென்று தெரியாமல் தூணருகே நிற்கும் முதலாளி உலகத்தில் வேறெங்கும் இருப்பாரோ என்னவோ.

காந்தி மியூசியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. 1959 ஏப்ரல் 15ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். மகாத்மா சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. விருந்தாளி அதன்முன் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபின், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி இதே மதுரையில், மேலமாசி வீதியில் தாம் தங்கிய இல்லத்தில், மகாத்மா முழு உடையைக் களைந்து அரையாடை தரித்த வரலாற்றை நாம் சொன்னோம். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது உடன் பிரயாணம் செய்தவர்களைக் கதர் உடுத்தும்படி அவர் கேட்டுக்கொண்டதையும், கதர் வாங்கத் தங்களுக்குச் சக்தியில்லை என்று அவர்கள் தலையசைத்ததையும், அந்தப் பதில் அவர் மனத்தில் தைத்ததையும் சொன்னோம். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் துன்பத்தைப் பற்றி 1917இலேயே அவர் எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

விருந்தாளி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அவர் அன்று தனி வண்டியில் வந்திருந்தால்?” என்று கேட்டார். நமது கார் அப்பொழுது வீட்டில் நின்றிருந்தது. நாம் பதில் சொல்லவில்லை.

நாலாம் நாள் மேலூர்ச் சாலை. மாட்டுத்தாவணியைத் தாண்டினால் உலகனேரியில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 முதல் நடந்து வருகிறது. தென் மாவட்டத்துக் கட்சிக்காரர்கள் சென்னைக்கு அலைந்த காலம் அதனால் தீர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் மாட்டுத்தாவணி வரை முழு இரவும் பஸ்ஸில் வந்துவிட்டு, எஞ்சிய சிறு தூரத்துக்கு எந்த டவுன் பஸ் என்று தெரியாமல் ஆட்டோ பிடிக்கிறார்கள் என்று நமது தொழிற்காரர்களைக் கேளுங்கள். அதற்கும் அப்பால் ஒத்தக்கடை, யானைமலை. மலையடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், 770ஆம் ஆண்டில், அவனுடைய அமைச்சன் மாறன்காரி செய்வித்தது என்று கல்வெட்டே சொல்லுகிறது. பஸ்ஸின் ஜன்னலிலிருந்து மலை தெரிந்தவுடன் விருந்தாளி நம் கையைத் தட்டினார். யாரும் சொல்லாமலே, “யானை!” என்றார். அதன் பெயரும் யானைமலை என்று நாம் சொன்னபோது குழந்தையைப்போல் சிரித்துவிட்டுத் தம் ஊர்ச் செய்தியொன்றைச் சொன்னார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அச்செய்தியே.

மெக்ஸிகோ நகரத்தில் 1969இல் சுரங்க ரயில் தொடங்கியது. அந்நாளில் அந்நகரத்தில் எழுத்தறியாதவர் திரளாக இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் அவ்வேலையில் முன்னின்றார். சப்புல்தெபெக் என்பது ஒரு நிலையம்; அந்நாட்டுப் பழங்குடி மொழியில் அதற்கு வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள்; அந்நிலையத்துக்கு ஒரு வெட்டுக்கிளியே அடையாளம். எழுத்தறியாக் கிழவர் வெட்டுக்கிளியைக் கண்டு இறங்குகிறார். வேறு தேசத்தவரும் வெட்டுக்கிளியைக் கண்டு இறங்குகிறார். நமது விருந்தாளியின் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவராம். அப்படங்களை நம்பியே தம் இறுதிக் காலம் வரை தனியாக ரயிலில் போய்வந்தாராம்.

இதைக் கேட்டுக்கொண்டே நாம் ஊருக்குத் திரும்புகையில், பஸ்ஸின் கண்டக்டர் நிறுத்தங்களைக் கூவிக்கொண்டு வந்தார். இத்தனை ஆண்டுகள் காதில் விழுந்தும் உறைக்காத ஒன்று அப்பொழுது உறைத்தது. சிம்மக்கல் என்பது கல்லாலான சிங்கம் நின்ற இடம். யானைக்கல் என்பது கல்யானை நிற்கும் இடம். விளக்குத்தூண் என்பது பிளாக்பர்ன் ஞாபகமாக நாட்டிய விளக்குத்தூணேதான். தெப்பக்குளம் என்றால் தெப்பக்குளம். மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச்சந்தை கூடிய இடம். கோரிப்பாளையத்துக்குப் பெயர் கொடுத்தது அங்குள்ள தர்கா. கண்ணுக்குத் தெரியும் பொருளைக் காட்டி இடத்தை அறிவித்தார்கள் நம் பெரியோர். படிக்கத் தெரியாத சம்சாரியும் மாட்டு வண்டியில் வந்து கல்லைக் கண்டு இறங்கினான். மெக்ஸிகோவார் பலகையில் எழுதியதை மதுரையார் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். கல்லிலிருந்து பஸ்ஸின் பலகைக்கு அதை ஏற்றுவது ஒன்றே பாக்கி.

பலகையின் மொழி என்றவுடன் சிலருக்கு இரத்தம் கொதிக்கும். 1965 ஜனவரி 25ஆம் தேதி மொழிப்போர் தெருவில் வெடித்தது இம் மதுரையில்தான். அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை. நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். மதுரை பஸ்ஸின் நெற்றியில் தமிழ் இருக்கிறது. தமிழே முதலில் இருக்கவேண்டும். அதைப் பற்றி எந்த அயலாருக்கும் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நமது விருந்தாளியும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் 1987இல் ரயில் தொடங்கியவர்கள் நான்கு மொழிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள், அவற்றில் ஒன்று தமிழ். அது அந்நாட்டின் நிலைமைக்கு ஏற்றது. நமக்கு வேண்டுவது எண்ணும் படமும். எண்ணை நெற்றியிலும், இடப்பக்கத்திலும், முதுகிலும் ஒரு முழ உயரத்தில் எழுதவேண்டும். எண்ணுக்குப் பின்னே வாலாகத் தொங்கும் எழுத்துக்களைக் குறைக்கவேண்டும். வால் மாறினால் ஊரே மாறிவிடுகிறது. நிலையத்தில் இடத்தின் பெயர், அதன் படம், பஸ்ஸின் எண், மேடை, முதல் வண்டி, கடைசி வண்டி ஆகிய ஆறும் ஒரு பலகையில் இருக்கவேண்டும். இவ்வளவுக்கு இங்கிலீஷில் ஒரு வரியும் சேர்த்தால் குடி முழுகிவிடாது. சேர்க்காவிட்டாலும் படம் பேசும்.

யார் செய்வது? வக்கீலின் கண்ணுக்கு முதலில் படும் இடையூறு இதுவே. பஸ் போக்குவரத்துக் கழகத்தின் சொத்து. பஸ் நிலையம் மாநகராட்சியின் சொத்து. சாலை சில இடங்களில் மாநகராட்சிக்கும் சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியது. இம்மூவர்க்கும் நடுவில் ஒரு பலகை நிற்கவேண்டுமானால் அப்பலகை யாருடையது என்ற வழக்குக்கே ஒரு தலைமுறை போய்விடும். பெரியார் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கிடைக்கிற தேசத்தில் பலகைக்குப் பெயிண்ட் கிடைக்காமற் போவதற்குக் காரணம் பணமின்மையன்று, பொறுப்பாளர் இன்மையே. மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேரும், கழகத்தின் அதிகாரி ஒருவரும், இருபது வருஷம் டவுன் பஸ்ஸில் கூவிய கண்டக்டர்கள் இருவரும் ஒரு மேஜையில் உட்காரட்டும். கண்டக்டர்களை விட்டுவிட்டு இக்காரியத்தில் இறங்கவேண்டாம் என்று நாம் வற்புறுத்துகிறோம். ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

மெட்ரோ ரயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவோர் உண்டு. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டார்கள். ஜனத்தொகை இருபது லட்சத்துக்குக் குறைவு என்று காரணம் காட்டி 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அது நியாயமா அன்றா என்பதைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதவேண்டியது இன்னும் உண்டு. பலகை எழுதுவதற்கு மட்டும் இருபது லட்சம் ஜனம் தேவையில்லை.

ஐந்தாம் நாள் விருந்தாளி விடியுமுன் எழுந்து, நம்மையும் எழுப்பி, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு முதல் பஸ்ஸில் இழுத்துப் போனார். கூடைகளோடு ஏறிய பெண்கள் அவருக்கு இடம் விட்டார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நமது மதுரை மல்லி அன்று பனியினால் விலை ஏறியிருந்தது. ஒரு பெண் அவர் கையில் நாலு மொட்டுக்களை வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டாள். தூங்கா நகரம் என்று நாம் பெருமை பேசுவதை இதுவரை வீட்டில் தூங்கிக்கொண்டே பேசி வந்தோம்.

அன்றிரவு ரயிலேறுமுன் அவர் நமது காரியாலயத்தில் உட்கார்ந்து, நமது கடிதத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சிம்மக்கல்லுக்கு ஒரு சிங்கம். யானைக்கல்லுக்கு நிற்கும் யானை. யானைமலைக்குப் படுத்த யானை. மாட்டுத்தாவணிக்குத் திமில் பெருத்த காளை. தெப்பக்குளத்துக்கு நீர் நடுவே மண்டபம். கோரிப்பாளையத்துக்குக் கும்மட்டம். பெரியார் நிலையத்துக்கு ஒரு தாடியும் கைத்தடியும். பெரியாஸ்பத்திரிக்கு அவர் சிலுவைக்குறி போடவில்லை. மஞ்சள் பை ஏந்திய ஒரு மூதாட்டியைப் போட்டிருக்கிறார். பழங்காநத்தத்துக்கு என்ன போடுவதென்று நம்மைக் கேட்டார். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. தாளில் அந்தக் கட்டம் மட்டும் காலியாயிருக்கிறது. அறிந்த வாசகர்கள் காரியாலயத்துக்கு எழுதினால் தாளோடு சேர்த்து மாநகராட்சிக்கு அனுப்பி வைப்போம்.